இரட்டை மருந்து

கொலோன்
12.03.2025

அன்பு மச்சான் ஜேசுரட்ணம்,

நானும் ஞானமலரும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தையும் பிறேமாவின் சுகத்தையும் தேவாலயப் பூசைக்கு வருகிறவர்களிடம் விசாரித்துத்தான் அறிகிறேன். தொலைபேசியில் என் இலக்கத்தை நீ அடைத்து வைத்துப் பத்து மாதமாகிறது. கொலோனிலிருந்து பான் நகருக்கு ரயிலில் அரை மணித்தியாலம். அந்தத் தூரத்துக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறேன்.

ஒரு காரணமும் இருக்கிறது. எங்கள் கருமருந்துக் கிளப்புக்கு இந்த வருடம் ஐம்பது வயது. அன்னா ஒரு மலர் வெளியிடுகிறாள். அப்பாவுக்குப் பிறகு தலைமையை எடுத்தாலும் எடுத்தாள், யாரையும் சும்மா இருக்க விடுகிறாள் இல்லை. "முதன்முதலாக வந்த வெளிநாட்டுக்காரர் நீங்கள் இரண்டு பேரும். எப்படி வந்தீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள்" என்றாள். எழுதிவிட்டேன். சாரத்தை உனக்குச் சொல்கிறேன். பிழை இருந்தால் திருத்து.

1988. கேபிள் தொழிற்சாலையில் எங்கள் மேலாளாக இருந்த அன்னாவின் அப்பா ஹெல்முட் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஐஃபல் மலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் அந்தப் பழங்காலத் துவக்குகளைக் கண்டோம். குழலின் வாய் வழியாகக் கருமருந்தை அளந்து கொட்டி, ஈயக்குண்டைத் துணியில் சுற்றி வைத்து, கோலால் அடிவரைக்கும் தள்ளி, சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்க வைக்கிற துவக்குகள். துவக்குக்குப் பயந்து மன்னாரை விட்டு வந்த நாங்கள் ஏன் அதைத் தொட்டோம் என்று அன்னா கேட்டாள். நீ அன்றைக்குச் சொன்னதையே எழுதினேன்: "ஒரு வெடிக்கு ஒரு நிமிசம் செல்லும். இதை வைச்சுக்கொண்டு ஆரும் ஆரையும் ஆத்திரத்திலை சுடேலாது."

பிறகு பெந்தெகொஸ்தே திருநாள் விடுமுறை முகாம். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்கக் காட்டு எல்லையில் குடியேறியவர்கள் போலத் தோல் சட்டையும் கன்வஸ் கூடாரமும் இரும்புப் பானையுமாக ஐந்து நாள். கைத்தொலைபேசி இல்லை, பிளாஸ்டிக் இல்லை. முதல் வருடம் எங்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு அந்த ஊர்ப் பூர்வகுடிகளான "இந்தியராக" நடிக்கச் சொல்லி இறகு கொண்டுவந்தார்கள். நான் மறுத்துவிட்டேன். அதனால்தான் உப்பும் பானையும் விற்கிற வியாபாரிகளானோம். முப்பத்தைந்து வருடமாக அதே வேஷம். இதுதான் நான் எழுதியது.

இந்த முறை முகாம் ஆனி எட்டாம் திகதி ஞாயிறை ஒட்டி வருகிறது. அன்னாவின் கை நன்றாக ஆறிவிட்டது. அவளுக்கு உன்னில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஒரு வரியாவது எழுது.

உன்
ஸ்ரனிஸ்லாஸ்


பான்
24.03.2025

அன்பின் ஸ்ரனிஸ்லாஸ் அவர்களுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம்.

நீர் எழுதியதில் திருத்த வேண்டியவை மூன்று. முதலாவது, அது 1988 அல்ல, 1989 சித்திரை. அன்று ஆலங்கட்டி மழை பெய்தது. ஹெல்முட்டின் காரின் பின்கதவு கயிற்றால் கட்டியிருந்தது; உள்ளே தண்ணீர் வந்து என் சப்பாத்து நனைந்தது. இரண்டாவது, முதல் முகாமில் நாங்கள் வியாபாரிகள் இல்லை, பானை கழுவினோம். வியாபாரிகளானது அடுத்த வருடம். மூன்றாவது, இறகை மறுத்தது நீர் அல்ல. உம்முடைய தலையில் அது ஏற்கெனவே ஏறியிருந்தது. நான்தான் இழுத்தெடுத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில், "நாங்கள் அந்த இந்தியரும் இல்லை, மற்ற இந்தியரும் இல்லை" என்று சொன்னேன். அன்னாவுக்கு அப்போது பதினொரு வயது. அவள் சிரித்தது அவளுக்கே நினைவிருக்கும், கேட்டுப் பாரும்.

ஆனால் பழைய கதையைச் சரிபார்க்க நீர் பிடித்தது பிழையான ஆளை. போன பெந்தெகொஸ்தே சனிக்கிழமை ஒரே துவக்கில் இரண்டு தரம் மருந்து போட்டவன் நான். போட்டதை மறந்து சுட்டு, துவக்கின் மரக்கட்டையையும் என் தோள்பட்டைக் காறை எலும்பையும் உடைத்து, பக்கத்தில் நின்ற அன்னாவின் கையில் மரச் சிராய் ஏறி ஏழு தையல் போட வைத்தவன். உம்முடைய அறிக்கையில் அது ஒரே வரி: "சுட்டவர் மறதியால் இருமுறை மருந்திட்டார்." அந்த வரியைப் பொலிஸ் வாசித்தது. அனுமதி தருகிற அரசாங்கக் கந்தோர் வாசித்து என் கருமருந்து அனுமதியை எடுத்தது. பிறகு என் மகன் ஜெசிந்தன் வாசித்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பிறேமா அலுமாரிக் கதவுகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். கார்ச் சாவி ஜெசிந்தனிடம். குளிசை விழுங்கிய நேரம், அடுப்பை நிறுத்திய நேரம், கதவைப் பூட்டிய நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுகிறேன். தமிழ்ப் பூசையில் வேத வாசகம் வாசிப்பதையும் விட்டுவிட்டேன். நடுவில் எந்த வரி என்று தெரியாமல் நின்றுவிடுவேனோ என்ற பயம். நரம்பு வைத்தியரிடம் காட்டச் சித்திரைக் கடைசியில் ஒரு நாளுக்குத் தெர்மின் எடுத்திருக்கிறார்கள்.

உம்மில் எனக்குக் கோபம் இல்லை. நீர் அன்றைக்குச் சுடுகிற வரிசைக்கு மேற்பார்வையாளர். கண்டதை எழுதினீர். இலக்கத்தை அடைத்தது வெட்கத்தில்.

ஜேசுரட்ணம்


கொலோன்
06.04.2025

அன்பு மச்சான்,

"நீர்" என்று எழுதியிருக்கிறாய். வாசிக்க என்னவோ போல இருந்தது. இறகு விஷயத்தை அன்னாவிடம் கேட்டேன். நீ சொன்னதுதான் சரியாம். மலரில் திருத்திவிட்டேன்.

உன் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். அலுமாரிக் கதவில் எழுதி ஒட்டுகிற அளவுக்கு உனக்கு என்ன வந்தது? பிறேமா கொஞ்சம் கூடத்தான் பயப்படுகிறாள் என்று நினைக்கிறேன். எனக்கும்தான் கண்ணாடியை வைத்த இடம் மறக்கிறது. ஞானமலர் போன கிழமை உப்புப் போடாமல் கணவாய்க் கறி வைத்தாள். அறுபத்தைந்து தாண்டினால் எல்லோரும் இப்படித்தான். அன்றைக்கு மழை, அவசரம், சனமும் கூட. யாருக்கும் நடந்திருக்கும்.

அந்த வரியை நான் இன்னும் யோசித்து எழுதியிருக்கலாம். அதுவும் என் மனதில் இருக்கிறது.

வைத்தியர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. சாவியைத் திருப்பித் தரச்சொல்லி ஜெசிந்தனிடம் நான் கதைக்கட்டா?

உன்
ஸ்ரனிஸ்லாஸ்


பான்
02.05.2025

ஸ்ரனி,

ஜெசிந்தனோடு நீ கதைக்க வேண்டாம். அவன் கெட்டவன் இல்லை, பயந்திருக்கிறான்.

வைத்தியர் ஒரு மணித்தியாலம் சோதித்தார். மணிக்கூடு வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். ஐந்து சொல்லைச் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லக் கேட்டார். முப்பதுக்கு இருபத்தெட்டு. வயதுக்கு நல்லது என்றார். ஆனால் அறிக்கையை வாசித்துவிட்டு, "இருந்தாலும் அப்படி ஒன்று நடந்திருக்கிறதே, ஆறு மாதத்துக்கு ஒருதரம் பார்ப்போம்" என்றார். அந்த "இருந்தாலும்" எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. போன ஞாயிறு பேத்தியைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனேன். மருமகள் பின்னாலேயே வந்து நின்றாள். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். பிறேமாவுக்கும் இதைச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை முழுக்க எனக்கு நினைவிருக்கிறது. விடிய நீ பாண் துண்டுக்குப் பன்றிக்கொழுப்புப் பூசித் தந்தாய். உன் மஞ்சள் மேற்பார்வையாளர் அங்கியின் பின்பக்கம் சேறு பட்டிருந்தது. துவக்கைத் தாங்கியில் சாத்திவிட்டு மூக்குக்கண்ணாடி எடுக்கக் கூடாரத்துக்குப் போனேன். மழை தொடங்கியதும் உள்ளேயே இருந்தேன். கூடாரத்தில் எந்த மூலை ஒழுகியது என்று இப்போதும் சொல்லுவேன். மழை விட்டதும் வந்து மருந்து அளந்து போட்டேன், குண்டு வைத்தேன், கோலால் இடித்தேன், சுட்டேன். இவ்வளவும் படம் போல இருக்கிறது. அதற்கு முதல் போட்ட மருந்து மட்டும் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றுமே இல்லாமல் சுத்தமாக இருக்கிறது. ஒரு மனிதனின் தலையில் இப்படி ஒரு துண்டு விழுந்து போனால், இன்னும் எத்தனை துண்டு விழுந்திருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? விழுந்தது தெரியாது என்பதுதானே வருத்தமே.

கூடாரம், பானைகள், கருமருந்து வைக்கிற கொம்பு, கோடரி எல்லாவற்றையும் யாராவது புதிதாக வருகிறவருக்குக் கொடுக்கச் சொல்லி அன்னாவுக்கு எழுதுகிறேன். இனி எனக்குத் தேவைப்படாது.

நீ அடிக்கடி எழுது. பதில் போடுவது மூளைக்கு நல்லதாம்.

ஜேசு


கொலோன்
09.05.2025

ஜேசு,

இதை ஓரிடத்தில் இருந்து வாசி. பிறேமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தாலும் நல்லது.

உனக்கு மறதி இல்லை. முதல் மருந்தை நீ போடவில்லை. நான் போட்டேன்.

நீ கண்ணாடி எடுக்கப் போனபோது உங்கள் வரிசையை அழைத்துவிட்டார்கள். ஐந்து பேர் தயாராக நின்றார்கள். உன் இடம் வெறுமை. நீ வந்து தொடங்கினால் எல்லோருக்கும் பிந்தும் என்று உன் துவக்கை எடுத்து, உன் கொம்பிலிருந்து ஒரு அளவு மருந்து கொட்டினேன். குண்டு எடுக்கக் கை வைக்கப் பெரிய துளியாக மழை விழுந்தது. விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தினேன். துவக்கைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்து மெழுகுத் துணியால் மூடிவிட்டு, மருந்துப் பெட்டியை மூட ஓடினேன். பிறகு அந்த ஊர்ப் பத்திரிகைக்காரி வந்தாள். கிளப்பில் முதலாவது வெளிநாட்டு மேற்பார்வையாளர் நான்தானா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லி, வந்த கதை, நடந்த கதை எல்லாம் சொன்னேன். மழை விட்டது. நான் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தேன்.

வெடித்த சத்தம் ஒரு அளவு மருந்தின் சத்தம் இல்லை. அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

மேற்பார்வையாளர் மற்றவனுடைய துவக்கைத் தொடவே கூடாது. அதுதான் முதல் விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறவனும் நானே. அந்த மஞ்சள் அங்கியை எனக்குத் தர அவர்களுக்கு முப்பத்தைந்து வருடம் எடுத்தது. போட்டு இரண்டு மாதம். பின்னேரம் பொலிஸ்காரர் தாளை நீட்டியபோது, நீ வைத்தியசாலையில் இருந்தாய். கட்டை உடைந்தால் மாற்றலாம், எலும்பு பொருந்தும், அனுமதி அடுத்த வருடம் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். எழுதினேன். உன்னுடைய தலையைச் சோதிப்பார்கள் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் அன்றைக்கு உண்மையை எழுதியிருப்பேனோ என்று தெரியவில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

பங்குனியில் உன் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கணவாய்க் கறியைப் பற்றி எழுதினேன்.

இன்று காலை ஜேர்மனில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டு, கந்தோருக்கும் பொலிசுக்கும் அன்னாவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பிரதி ஜெசிந்தனுக்கு. வைத்தியருக்குக் கொடுக்க இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். அவற்றை அனுப்பிவிட்டுத்தான் உனக்கு எழுதத் தொடங்கினேன். முதலில் உனக்கு எழுதியிருந்தால் மற்றவற்றை அனுப்பாமல் விட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

ஸ்ரனிஸ்லாஸ்


பான்
20.05.2025

கடிதம் கிடைத்தது. பிறேமா வாசித்தாள். ஜெசிந்தனும் வாசித்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் மழைக்குப் பிறகு வந்து மருந்து போட்டபோது நீ பத்தடி தள்ளி நின்றாய். ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தாய். எனக்கு அது நினைவிருக்கிறது. அப்போது உனக்குத் தெரியுமா?

ஜேசுரட்ணம்


கொலோன்
15.06.2025

ஜேசு,

பார்த்தேன். ஆனால் அப்போது நினைவில் இல்லை. பத்திரிகைக்காரியின் கேள்விக்கு என்ன சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உன் துவக்கில் மருந்து கிடக்கிறது என்பது வெடிக்கும்வரை என் தலையில் இல்லவே இல்லை. அன்றைக்கு மறந்தவன் நான். அறிக்கையில் அந்தச் சொல்லை உன் பெயருக்குப் பக்கத்தில் எழுதினேன்.

நீ நம்புவாயோ தெரியாது. நம்ப வைக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

மூன்று கிழமை தாமதித்ததற்குக் காரணம், எல்லா இடத்துக்கும் போய்வந்து எழுதலாம் என்று நினைத்ததுதான். கந்தோர் என் அனுமதியை எடுத்துவிட்டது. பொய் அறிக்கை பற்றிப் பொலிசில் ஆடி மாதம் விசாரணைக்குத் தெர்மின். அன்னாவிடம் நேரே போனேன். அவள் முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டு, "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் இது ஏழு தையல் மட்டும்தான்" என்றாள். அங்கியைக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த முறை முகாமுக்குப் போகவில்லை. கிளப்பில் என்னை வைத்திருப்பதா என்று இலையுதிர் காலக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள்.

ஞானமலர் நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, ஒரு மனிசன்ரை புத்தியை எடுத்து வைச்சுக்கொண்டு ஒரு வருசம் இந்த மேசையிலை இருந்து சாப்பிட்டிருக்கிறியள்." அதற்குப் பிறகு வழமை போலத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தப் பேச்சு இன்னும் மேசையில் கிடக்கிறது.

மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினால் உன்னிடம் மறுபடியும் எதையோ வாங்கப் பார்க்கிறது போல இருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ்


பான்
27.07.2025

ஸ்ரனிஸ்லாஸ்,

நீ மறந்தாய் என்பதை நம்புகிறேன். வெடித்த பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். தெரிந்திருந்த ஒருவனுடைய முகம் அப்படி இராது.

முதலில் இங்குள்ள செய்தி. வைத்தியர் உன் வாக்குமூலத்தை வாசித்துவிட்டு இரண்டு வரிக் கடிதம் தந்தார்: எந்த நோய்க்கும் அறிகுறி இல்லை, மேலும் சோதனை தேவையில்லை. பிறேமா அலுமாரியில் ஒட்டியதையெல்லாம் ஒரு பின்னேரம் சுரண்டி எடுத்தாள். நான் கொப்பியை நிறுத்த முயன்றேன், முடியவில்லை. அடுப்பை நிறுத்தினால் கை தானாகப் பேனையைத் தேடுகிறது. ஒரு வருடப் பழக்கம். போகும் என்கிறார்கள். ஜெசிந்தன் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "அப்பா, நாங்கள் கடைக்குப் போட்டு வாறம், பிள்ளை உங்களோடை நிக்கட்டும்" என்றான். கடை பூட்டுகிற நேரம் வரைக்கும் வரவில்லை. வேண்டுமென்றுதான் பிந்தினார்கள்.

கந்தோர் நான் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. பதில் எழுதும்போது ஒன்றைச் சேர்த்தேன். அதை உனக்கும் சொல்ல வேண்டும். கோலில் நாங்கள் கீறி வைத்த கோடு இருக்கிறதே, ஒரு அளவு மருந்தும் குண்டும் உள்ளே இருந்தால் குழல் வாயோடு சமமாக நிற்கிற கோடு, அது அன்றைக்கு விரலளவு மேலே நின்றிருக்கும். நான் பார்க்கவில்லை. அத்தனை வருடத்தில் அதைப் பார்க்காமல் நான் ஒருதரமும் சுட்டதில்லை. அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தது உன்னை. நீ அந்தப் பத்திரிகைப் பெட்டைக்கு எங்கள் இரண்டு பேருடைய கதையையும் உன் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த அங்கி உனக்குக் கிடைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. கிடைத்த அன்றிலிருந்தே பொறுக்கவில்லை. உனக்கு அது தெரியாது, நான் நன்றாக மறைத்தேன். அந்த எரிச்சலோடு இடித்தேன், அந்த எரிச்சலோடு சுட்டேன். அன்னாவின் கையில் ஏறிய சிராயில் பாதி என்னுடையது. அவளிடம் போய்ச் சொன்னேன். "உங்கள் இரண்டு பேரையும் என்ன செய்கிறது" என்று தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள். கோட்டைப் பார்க்காதது ஒரு நிமிடப் பிழை. நீ செய்தது ஒரு வருடம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் ஏலாது. என் புத்தியையே நான் சந்தேகித்துப் படுத்து எழும்பிய நாட்களை நீ திருப்பித் தர முடியாது. மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தின் முதல் தாளில் எழுதினேன். வாசித்துப் பார்க்கப் பொய்யாக இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கிளப்புக்கு நான் திரும்பிப் போவேனா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. கூட்டத்தில் உன்னைப் பற்றிக் கேட்டால், கேட்கிற கேள்விக்கு உள்ளதைச் சொல்லுவேன். கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன்.

ஆவணி இரண்டாம் சனிக்கிழமை கெவலார் மாதா கோயிலில் தமிழ்த் திருநாள். நீங்கள் எப்படியும் வருவீர்கள். நாங்களும் வருகிறோம். இந்த முறை முதல் வாசகம் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், ஒத்துக்கொண்டேன். அத்தனை ஆயிரம் சனத்துக்குள் ஒருவரை ஒருவர் காணாமல் திரும்பி வருவது லேசு. நான் அப்படிச் செய்யப் போவதில்லை. பூசை முடிய மெழுகுதிரிச் சிற்றாலயத்துக்குப் பக்கத்து மரங்களுக்குக் கீழே இருப்போம். என்ன கதைப்போம் என்று எனக்குத் தெரியாது. கதைக்காமலும் இருக்கலாம்.

மத்தியானத்துக்கு ஒன்றும் கட்ட வேண்டாம் என்று ஞானமலரிடம் சொல். பிறேமா நாலு பேருக்குப் புட்டு அவிக்கிறாள்.

ஜேசுரட்ணம்